விளக்கிச் சொல்லப்பட்டது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
10 ஜூன் 2024

அன்புள்ள தம்பி மாணிக்கவாசகத்துக்கு,

அக்கா அம்சவேணி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். தறிக்குழியிலிருந்து ஏறும்போது மட்டும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒடிசா மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று போனைப் பாதியில் வைத்தது நான்தான். சிக்னலைக் குற்றம் சொல்லாதே. "சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வாக்கா, வெறும் ஃபார்மாலிட்டிதானே" என்று நீ சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சில் நீ என்னை மடக்கிவிடுவாய். நீயும் வங்கி அதிகாரி அல்லவா? அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்.

முதலாளி கொடுக்கும் பாவு நூலை வாங்கி அவருக்கே நெய்து கொடுத்தது போதும், நாமே பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து விற்போம் என்று எங்கள் மகளிர் குழுவில் முடிவு செய்து, வங்கியில் கடன் கேட்டிருந்தோம். கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். படிவம் பூராவும் இந்தியும் இங்கிலீஷும். குழுத் தலைவி என்று முதலில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும்மா" என்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"தமிழ்ல கையெழுத்துப் போடறவங்களுக்கு இதுல இருக்கறதெல்லாம் அவங்க பாஷையில விளக்கிச் சொல்லியாச்சு, அவங்களும் புரிஞ்சிக்கினாங்கன்னு சாட்சி."

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"சொன்ன மாதிரிதான்மா."

"எனக்குப் படிக்கத் தெரியும். தமிழ்ல ஒரு ஃபார்ம் குடுங்க. நானே படிச்சிட்டு நானே போடறேன்."

மேனேஜர் வடக்கேயிருந்து வந்த பையன். கவுண்டரில் இருந்தவர் உள்ளே போய் அவரிடம் இந்தியில் ஏதோ பேசிவிட்டு வந்தார். "தமிழ் ஃபார்ம் ஸ்டாக் இல்லையாம். கஷ்டமா இருந்தா கைநாட்டு வெச்சிடுங்க, இன்னும் ஈஸி" என்று சொல்லி, மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் விரலைப் பார்த்தார்கள். டப்பாவை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல், இது ஃபார்மாலிட்டியா?

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா அம்சா


கந்தமால், ஒடிசா
28 ஜூன் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி மாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். இங்கே நல்ல மழை. மாமாவின் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்று. தாம்பரத்தில் காவேரியும் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த மலையில் என்னோடு குடித்தனம் நடத்த வரமாட்டேன் என்கிறாள்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த ஆள் மை டப்பாவைத் தள்ளியிருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சாட்சிக் கையெழுத்து உன்னை அவமானப்படுத்த வைத்தது இல்லை, அக்கா. பின்னால் யாரும் "எனக்குப் புரியாமல் வாங்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் குயி மொழி பேசுகிற மலை ஜனங்கள். ஒடியாவே சரியாக வராது. அவர்கள் பெருவிரல் வைக்கிறார்கள், கீழே "விளக்கிச் சொல்லப்பட்டது" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன், வேலை நடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ. யாரும் சண்டை போட்டதில்லை.

குழுவுக்குக் கடன் முக்கியமா, கௌரவம் முக்கியமா என்று பார். உன் குழுவில் இருக்கிற துர்காதேவியின் பெண் காலேஜில் படிக்கிறாளே, அவளைச் சாட்சி போடச் சொல்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன்
மாணிக்கம்


காஞ்சிபுரம்
9 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு இடுப்பு தேவலை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரே ஒரு கேள்விதான். உனக்குக் குயி மொழி எப்போதிலிருந்து தெரியும்? நீ அந்த ஜனங்களுக்கு என்ன பாஷையில் விளக்கிச் சொன்னாய்?

வங்கியில் ஜனங்கள் நிரப்புகிற படிவம் இந்தி, இங்கிலீஷ், அந்த மாநிலத்து மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறதாம். ஏனாத்தூரில் படிக்கிற துர்காதேவியின் பெண்ணைச் சாட்சி போடச் சொல்லவில்லை. அந்த உத்தரவைத் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். தந்தாள். அதையும் வைத்து வங்கியில் மனு கொடுத்திருக்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்கா


கந்தமால்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலந்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தணிக்கை, அது இது என்று வேலை சரியாக இருந்தது.

இங்கே மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பயிர். மழை பெய்து ஓய்ந்தால் அந்த இலைவாசம் கிளைக்குள்ளேயே வருகிறது. காவேரி இங்கே வந்துவிட்டுத் திரும்பும்போது கொஞ்சம் மஞ்சள் கொடுத்து அனுப்புகிறேன். நம்மூர் மஞ்சளைவிட நிறம் அதிகம். போன வாரம் சந்தையில் சிறுதானியக் கூழ் குடித்தேன். நம் கேழ்வரகுக் கூழ் மாதிரியே இருந்தது, வெங்காயம்தான் இல்லை.

நேற்றும் ருக்மிணி கன்ஹர் என்ற பெண் வந்திருந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ கேட்டதற்கு நேரில் வரும்போது பேசுவோம். மாமாவுக்கு வணக்கம்.

மாணிக்கம்


காஞ்சிபுரம்
15 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

என் மனுவுக்குப் பதிலே இல்லை. கடன் இழுத்துக்கொண்டே போவதால் நேற்று குழுக் கூட்டத்தில் லோகாம்பாள் என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "உன் தமிழைக் கட்டிக்கினு நாங்க முதலாளி வூட்டு வாசல்லயே நிக்கணுமா? ஒரு கையெழுத்து விவகாரத்துக்கு இன்னாமா இவ்ளோ வீம்பு?" யாரும் எனக்காகப் பேசவில்லை. பேசக் கூடியவர்களும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப வேற தலைவி பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். துர்காதேவியைப் போட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயரை எழுதத் தெரியும். பெண் சொல்லிக்கொடுத்தது. அதைத் தாண்டி ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டால் சாட்சி வேண்டாமாம். அவளுக்கு எல்லாம் புரிந்ததாக அர்த்தமாம். தமிழில் தினம் பேப்பர் படிக்கிற எனக்குப் புரியாதாம்.

மாமாவிடம் வந்து சொன்னேன். ராத்திரி சோறு போடும்போது, "நீ செஞ்சது சரிதான்" என்று மட்டும் சொன்னார். அது போதும் எனக்கு.

அந்த ருக்மிணி யார்? எதற்கு வந்தாள்? நீ கடிதத்தில் அவளைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாயே, ஏன்?

அக்கா


கந்தமால்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ருக்மிணியைப் பற்றிக் கேட்டாய். அவள் கணவனில்லாதவள். மஞ்சள் விற்ற பணத்தைப் போன வருஷம் எங்கள் கிளையில் வைப்புத்தொகையாகப் போட வந்தாள். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி அதை ஆயுள் காப்பீட்டில் போட்டுவிட்டார். கிளைக்கு அந்த மாதம் காப்பீடு விற்கும் இலக்கு எட்டவில்லையாம். வருஷா வருஷம் கட்ட வேண்டிய திட்டம் அது. கட்டவில்லை என்றால் போட்ட பணத்திலும் பெரும்பகுதி போய்விடும். அவள் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணத்தை எடுக்க வந்தபோதுதான் விஷயமே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. "இல்லை" என்று கையை ஆட்டினோம். அது புரிந்தது. அதனால்தான் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் பெருவிரல். அதற்குக் கீழே, "வாடிக்கையாளருக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டது." கையெழுத்து முன்னவருடையது. அதே வரியின் கீழ் நான் போட்ட கையெழுத்துகள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றில் எத்தனை ருக்மிணிகள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலையில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எந்தப் பாஷையிலும் விளக்கவில்லை. இனிமேல் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு வர லீவு கிடைக்கவில்லை. காவேரியை அனுப்புகிறேன்.

மாணிக்கம்


காஞ்சிபுரம்
12 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

மாமாவும் நானும் சுகம். தீபாவளிக்குக் காவேரி வந்திருந்தாள். நீ கொடுத்தனுப்பிய மஞ்சள் வந்தது. நீ கொடுத்தனுப்பாத செய்தியும் வந்தது.

விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதினாயே. மேலிடத்திலிருந்து உனக்கு மெமோ வந்திருக்கிறதாம். கவுண்டரிலிருந்து எடுத்துப் பழைய காகிதங்கள் போடுகிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த உன் பேரையும் எடுத்துவிட்டார்களாம். காவேரி அழவில்லை. "அவர் பண்ணது எனக்குப் பெருமைதான் அண்ணி, ஆனா எங்கிட்டகூட லேட்டாதான் சொன்னாரு" என்றாள். இரண்டு பேரிடமும் மறைத்தால் யாரிடம்தான் சொல்வாய்?

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ, வெறும் ஃபார்மாலிட்டி" என்று நான் சொல்லமாட்டேன். பயப்படாதே.

இங்கே ஒரு கூத்து நடந்தது. துர்காதேவி வங்கிக்குப் போய் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தாராம். வெளியே வரும்போது இவளுக்கு என்னவோ தோன்றி, கவுண்டரில் இருந்தவரிடம், "சார், நாலாவது பக்கத்துல பெரிய எழுத்துல இருந்துச்சே, அது இன்னா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "அது இந்தியில இருக்குதும்மா, எனக்குப் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாது" என்றாராம். துர்காதேவி அங்கேயே படிவத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்தை அடித்துவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் நேராக என் வீட்டுக்கு வரவில்லை. லோகாம்பாள் வீட்டுக்குப் போய், "எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு மட்டுந்தான். அதை வெச்சி உங்க எல்லாரையும் அடமானம் வெக்கச் சொல்றியா?" என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். லோகாம்பாள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எப்ப போலாம் பேங்குக்கு?" என்றாள்.

மெமோவுக்கு என்ன பதில் எழுதினாய்? மறைக்காமல் எழுது.

அக்கா


கந்தமால்
5 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் எலும்பு வரை போகிறது. அந்த அறையில் ஜன்னல் வேறு மூடாது. ஆனாலும் நன்றாகத் தூங்குகிறேன்.

சொல்லாமல் இருந்தது தப்புதான். நீ அங்கே உன் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கக் கிளம்பிவிடுவாயோ என்று நினைத்தேன்.

"வழக்கமான நடைமுறைக்கு ஒத்துழைக்க மறுத்தது ஏன்?" என்று கேட்டு மெமோ. என் பதிலைத் தமிழில் எழுதி அனுப்பினேன். குயி மொழி எனக்குத் தெரியாது, தெரியாத மொழியில் விளக்கியதாகக் கையெழுத்துப் போடுவது பொய், பொய் சொல்ல எனக்குச் சம்பளம் தரவில்லை. இவ்வளவுதான். மறுநாளே மண்டல அதிகாரி போனில் கத்தினார். "இதை எப்படி நான் படிப்பது?" என்றார். "யாராவது உங்களுக்கு விளக்கிச் சொன்னதாகக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் சார், போதும்" என்றேன். போனை வைத்துவிட்டார். உன் தம்பிதானே நான்.

ருக்மிணிக்காகக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு புகார் போயிருக்கிறது. இங்கே பள்ளியில் வேலை பார்க்கும் சுபாசினி என்ற குயி டீச்சர், ருக்மிணி சொல்லச் சொல்ல ஒடியாவில் எழுதினாள். நான் அதை இங்கிலீஷிலும் எழுதிச் சேர்த்தேன். கடைசியில் டீச்சர் அதை முழுக்கக் குயியில் படித்துக் காட்டினாள். நடுவில் ருக்மிணி நிறுத்தி ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள். "தெரியாமல் ஏமாந்தேன்" என்று இருந்தது. "என்னிடம் சொல்லாமல் ஏமாற்றினார்கள்" என்று மாற்றச் சொன்னாள்.

நானும் அந்த டீச்சரிடம் குயி கற்றுக்கொள்கிறேன். சில சொற்கள் நம் சொற்கள் மாதிரியே காதில் விழுகின்றன. நான் பேசினால் சந்தையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மாமாவுக்கு வணக்கம்.

மாணிக்கம்


காஞ்சிபுரம்
28 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. மாமாவுக்குச் சளி, இப்போது தேவலை. போர்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

நாங்கள் எல்லோரும் வங்கிக்குப் போனோம். கோஷம் போடவில்லை, கத்தவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டோம். "தமிழ் ஃபார்ம் வர்ற வரைக்கும் வெயிட் பண்றோம் சார்" என்று லோகாம்பாள்தான் சொன்னாள். மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். நெசவு வேலையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். உட்கார இடமில்லாமல் மற்ற வாடிக்கையாளர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் தாங்களும் தமிழ்ப் படிவம்தான் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார் மேனேஜர். "கூப்புடுங்க, அவங்களுக்கும் இங்கதான் அக்கவுண்டு" என்றாள் துர்காதேவி.

பொங்கலுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு கட்டு வந்தது. தமிழ்ப் படிவம்! யார் மொழிபெயர்த்தார்களோ, தெரியவில்லை. "கடன் பெற்றவர் இறந்துவிட்டால் அவர் உடனடியாக வங்கிக்கு வந்து தெரிவிக்க வேண்டும்" என்று இருந்தது. நான் சத்தமாகப் படிக்க, கவுண்டரில் இருந்தவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். "செத்தாலும் விடமாட்டானுங்க போலிருக்குதே" என்றாள் லோகாம்பாள். அந்த வரியை அடித்து, "அவர் குடும்பத்தார்" என்று எழுதி, மேனேஜரிடம் முத்திரை வாங்கினோம். ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். என்னை மறுபடி தலைவியாக்கியிருந்தார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். சாட்சி இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் உனக்கு இனிப்பு அனுப்பியிருப்பேன். ஆனால் ஒன்று நடந்தது.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற வெங்கடலட்சுமி, ஆந்திராவில் நகரியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் படித்தது தெலுங்கில். படிவம் அவள் கைக்குப் போனதும் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நேரமாகிறதே என்று நான், "இன்னாமா யோசனை? நான்தான் எல்லாம் படிச்சேனே, ஒரு கைநாட்டு வெச்சிடு" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது, தம்பி. அவள் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் போடவில்லை. நானும் போடவிடவில்லை. அவள் ஒருத்தி கையெழுத்து இல்லாமல் கடன் நிற்கிறது. இந்தத் தடவை குழுவில் யாரும் முணுமுணுக்கவில்லை.

மேனேஜரிடம் தெலுங்குப் படிவம் கேட்டேன். "மேடம், ரூல்ல மூணு பாஷைதான். தெலுங்கு தமிழ்நாட்டுல இல்லை" என்றார். விதியைக் காட்டி வாங்கியவள் நான். இப்போது அதே விதியை அவர் எனக்குக் காட்டுகிறார்.

என்ன செய்யலாம்?

அக்கா


கந்தமால்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை வந்தது. நலம்.

நகரியில் உங்கள் வங்கிக்குக் கிளை இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஆந்திராவில் அதே கடன் படிவம் தெலுங்கில் அச்சடித்தே இருக்கும். வெங்கடலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போ.

ருக்மிணிக்குப் பணம் வட்டியோடு திரும்பக் கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். என்னை இன்னும் அந்த அறையில்தான் வைத்திருக்கிறார்கள். சந்தை நாளில் மலை ஜனங்கள் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கவுண்டரைத் தாண்டி நேராக அந்த அறைக்கே வருகிறார்கள். டீச்சரும் வந்து உட்காருகிறாள். மேலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

போய்விட்டு வந்து எழுது.

மாணிக்கம்


காஞ்சிபுரம்
3 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

மாமா சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. ருக்மிணியின் பெண் கல்யாணத்துக்கு நான் நெய்த ஒரு புடவை அனுப்புகிறேன். அக்கா கொடுத்தது என்று சொல். குயியில் சொல்.

வெங்கடலட்சுமியும் நானும் பஸ் மாறி மாறி நகரிக்குப் போனோம். இறங்கியதும் அவள் நடையே மாறிவிட்டது. காஞ்சிபுரத்தில் என் பின்னால் வருகிறவள் அங்கே எனக்கு முன்னால் போனாள். வங்கியில் அவளே பேசினாள், சத்தமாக. எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். படிவத்தை வாங்கித் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸிலேயே படித்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "அக்கா, ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க எல்லாரும் சேர்ந்து கட்டணும்னு போட்டிருக்குது. இதை நீ அன்னைக்குப் படிக்கும்போது எனக்குச் சரியா காதுல விழலை" என்றாள். யோசித்துவிட்டு, "சரி, ஒத்துக்கறேன்" என்றாள்.

இன்று காலை அதை மேனேஜர் மேசையில் வைத்தோம்.

"இது நம்ம ஸ்டேட் ஃபார்ம் இல்லை, மேடம்" என்றார்.

"உங்க பேங்க் ஃபார்ம்தானே? உங்க பேங்க் பேருதானே மேல போட்டிருக்குது?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்கோ போன் செய்து இந்தியில் வெகு நேரம் பேசினார். நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டோம். எங்களுக்கு அது பழகிவிட்டது, அவருக்கும் பழகிவிட்டது. கடைசியில் போனை வைத்துவிட்டு, பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். வெங்கடலட்சுமி தெலுங்கில் தன் பேரை எழுதினாள். அழகான உருண்டை எழுத்து. அவர் முத்திரை குத்தினார். கடன் பாஸ் ஆகிவிட்டது, தம்பி.

எழுந்திருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். பையன் இத்தனை மாதத்தில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"மேடம், எங்க வீட்டுல போஜ்புரி பேசறோம். என் அம்மாக்கு இந்தி நல்லா வராது. எங்க ஊர்ல எந்த ஆபீஸ்லயும் போஜ்புரில ஒரு பேப்பர்கூட இல்லை."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் பரிதாபப்படவும் இல்லை.

"கேட்டீங்களா?" என்றேன்.

"என்ன?"

"உங்க அம்மாவுக்குன்னு யாராவது போய்க் கேட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்புடன்,
அக்கா அம்சவேணி